கொல்லைப்புறத்து வெள்ளம்

தூத்துக்குடி என்றவுடனே நம் நினைவில் எழுவது கடல்தான். முத்துக் குளித்த பார்களும், சங்கு குளிப்போரும், உப்பளங்களும், 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இவ்வூரின் பெயரோடு உடன்பிறந்தவை போலத் தோன்றும். கடலால் வாழ்ந்த ஊர் கடலுக்கு அஞ்சியதும் இயல்பே. 1974-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற இங்குள்ள துறைமுகத்தைச் சென்று காண்போர் முதலில் வியப்பது அதன் அலைதடுப்புச் சுவர்களையே. வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். அலையை அடக்கிக் கப்பல்கள் அசையாது நிற்க இடம் செய்த அருஞ்செயல் அது. அதற்குச் செலவிட்ட பணம் வீண் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

ஆனால், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் இந்நகரை மூழ்கடித்த நீர் கடலிலிருந்து வரவில்லை. அது மேற்கிலிருந்து வந்தது. குளங்களும் ஓடைகளும் கொண்டுவந்து சேர்த்தன. தலைவாயிலுக்கு இரும்புத் தாழ் இட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்த வீட்டின் கதிதான் நகருக்கு நேர்ந்தது. அந்தக் கொல்லைக் கதவைப் பற்றியும், அதை அடைப்பதற்கு ஆகும் செலவு ஏன் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பதைப் பற்றியும் சிறிது ஆராய்வோம்.

முதலில் மழையின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டிசம்பர் 18-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ.; ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறத்தாழ 65 செ.மீ. என்பதை அறிந்தால் இவ்வெண்களின் பொருள் விளங்கும். பன்னிரண்டு திங்களில் வர வேண்டியது ஒரு பகலும் ஓர் இரவுமாக வந்துவிட்டது. 1992-ஆம் ஆண்டு நவம்பரில் மாஞ்சோலை மலைப்பகுதியிலுள்ள காக்காச்சியில் இதனினும் சற்று மிகுதியாகப் பெய்ததுண்டு. ஆனால் மேகத்தைத் தடுத்து நிறுத்தும் மலைமுகட்டில் அவ்வாறு பெய்வது ஒன்று. பனைமரமும் தேரிமணலுமாகக் கிடக்கும் கடலோரச் சமவெளியில் பெய்வது வேறொன்று. இத்தனைக்கும் அன்று புயல் ஏதும் கரையைக் கடக்கவில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி ஒன்று நகராமல் நின்று பொழிந்தது, அவ்வளவே.

செ.மீ. கணக்கில் சொல்லும்போது மழையின் எடை நமக்குத் தெரிவதில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அங்கே விழுந்த நீர் பத்தாயிரம் கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர். எனவே 95 செ.மீ. மழை என்பது ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் 95 கோடி லிட்டர். மாணவர்கள் தம் ஊரின் பரப்பைக் கேட்டறிந்து இதனோடு பெருக்கிப் பார்த்தால், சாக்கடையை அகலப்படுத்தி மட்டும் இந்த நீரை அனுப்பிவிட முடியாது என்பது தானே விளங்கும்.

இனி, நிலத்தின் அமைப்பு. தாமிரபரணியின் கழிமுகத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரு பழைய கதை விளங்கும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாகச் சங்க இலக்கியங்கள் போற்றும் கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. கடல் ஓடிப்போகவில்லை, ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் காயல் துறைமுகம் ஓங்கிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் அதுவே. அதுவும் தூர்ந்தது, பழையகாயல் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. பிறகு போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதன்பின் ஆற்று வாயிலை விட்டு விலகிய தூத்துக்குடி. ஒரே ஆறு இரண்டாயிரம் ஆண்டுகளில் மூன்று துறைமுகங்களை இடம்பெயரச் செய்திருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் இதை வாணிகத்தின் கதையாகப் படிக்கிறோம். நீரியல் நோக்கில் இது வெள்ளத்தின் கதை. இந்தச் சமவெளியே வெள்ளம் கொட்டிய மண்ணால் ஆனது. வெள்ளம் தான் போட்ட மண்ணின்மேல் மறுபடியும் வந்து உட்காருவதில் வியப்பில்லை.

இத்தகைய நிலத்துக்குச் சரிவு மிகக் குறைவு. தூத்துக்குடி நகரமும் அதைச் சூழ்ந்த உப்பளங்களும் கடல்மட்டத்தோடு ஏறத்தாழ ஒட்டிக் கிடக்கின்றன. உப்பு விளைவதற்கு அந்தத் தாழ்ந்த சமநிலமே வரம். வெள்ளம் வடிவதற்கு அதுவே சாபம். ஓடையின் வாய் மணலால் மேடிட்டுவிட்டால் நீர் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். 2023-இல் பல தெருக்களில் நின்றது. அதற்கு முன் 2015-லும் 2021-லும் நின்றது.

இப்போது ஆற்றைப் பார்ப்போம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. அதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு; 1870-களில் முடிக்கப்பெற்றது. வடகால், தென்கால் என்னும் இரு வாய்க்கால்களின் வழியாக 53 குளங்களையும், 25,560 ஏக்கர் நிலத்தையும் அது வாழ்விக்கிறது. இங்கே குளம் என்பது தனியே நிற்கும் நீர்நிலை அன்று. ஒரு குளம் நிரம்பினால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்குப் பாயும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. சங்கிலியின் வளையங்களைப் போல அவை கோக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காலத்தில் இந்த ஏற்பாட்டின் அழகே அழகு. சொட்டு நீரும் வீணாவதில்லை. கெட்ட காலத்தில் இதே சங்கிலி கொடியதாகிவிடுகிறது. மேலே ஒரு குளம் உடைத்துக்கொண்டால், அது தேக்கி வைத்திருந்த நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ்க்குளத்தின்மேல் விழும். அதன் கரை எவ்வளவு திண்ணியதாயினும் அந்த அடியைத் தாங்காது.

சங்கிலியின் கடை வளையம் எப்போதும் பெரும்பளுவைச் சுமக்கிறது. வடகாலின் கடைமடையில், தூத்துக்குடியின் கொல்லைப்புறத்தில் இருக்கும் அந்தக் கடைசிக் குளத்துக்குக் கோரம்பள்ளம் குளம் என்று பெயர். 24 கண் மதகு உடைய குளம். அது இரண்டு எசமானர்களுக்கு உழைக்கிறது. தாமிரபரணியின் தண்ணீர் வடகால் வழியாகத் தெற்கிலிருந்து வருகிறது. கயத்தாறு, கடம்பூர், மணியாச்சி வட்டாரங்களின் கரிசல் காடுகளிலிருந்து காட்டாற்று வெள்ளம் ஓடை வழியாக மேற்கிலிருந்து வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி அந்த ஓடையில் மணல்தான் ஓடும். வெள்ளம் வந்தாலோ எச்சரிக்கையின்றி வரும். இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் மிஞ்சுவதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியது உப்பாற்று ஓடை. நகருக்குள் பெய்யும் மழையை வெளியேற்றுவது பக்கிள் ஓடை. ஒரு மாநகரத்தின் வெள்ளப் பாதுகாப்பு, உள்ளபடி பார்த்தால், ஒரு குளத்தின் கரை, இருபத்துநான்கு மதகுக் கதவுகள், இரண்டு ஓடைகளின் வாய் என்பவற்றில் அடங்கிவிடுகிறது. இவை எவற்றுக்கும் அலைதடுப்புச் சுவரின் கம்பீரம் இல்லை. சுற்றுலா வருவோர் இவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும் இல்லை.

2023 டிசம்பரில் தாமிரபரணியில் விநாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட வெள்ளம் ஓடிற்று. ஓர் இலட்சம் கன அடி ஒரு நாள் முழுதும் ஓடினால் சேரும் நீர் 8,640 மில்லியன் கன அடி. பாபநாசம் அணையின் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. ஆகவே அந்த அணையைப் போல ஒன்றரை மடங்கு நீர் ஒரே நாளில் ஓடும் வேகம் அது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அன்றைய பெருமழையின் பெரும்பகுதி பாபநாசத்துக்கும் மணிமுத்தாற்றுக்கும் கீழே, சமவெளியில் பெய்தது. அணைக்கு மேலே பெய்த மழையை அணை தடுக்கும். கீழே பெய்ததை அது என்ன செய்ய இயலும்? அணைகள் இருக்கின்றனவே என்று சமவெளியில் வாழ்வோர் கொள்ளும் நிம்மதி இந்த வகை மழைக்கு உதவாது.

நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளங்கள் வரிசையாக உடைந்தன. கோரம்பள்ளம் குளமும் உடைப்பெடுத்தது. அந்தோணியார்புரம் அருகே தூத்துக்குடி–திருநெல்வேலி நெடுஞ்சாலை சிதைந்து போக்குவரத்து அற்றது. ஏரலில் ஆற்றுப்பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த சல்லியும் மண்ணும் கரைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. ஏறத்தாழ 800 பயணிகள் இரண்டு நாள் அங்கே சிக்கியிருந்தனர். தங்கள் வீடுகளிலும் வெள்ளம் புகுந்திருந்த நிலையிலும் அருகிலிருந்த புதுக்குடி ஊரார் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலம் போட்டன. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து, வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழக்கூடும். ‘ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தால் எந்தக் கரை தாங்கும்? இதற்காகப் பணம் செலவிடுவது கடலில் பெருங்காயம் கரைப்பது போலத்தானே?’ என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. அந்த மழையை முழுதும் அடக்கும் காப்பு எதுவும் இல்லை. ஆனால் வெள்ளப் பாதுகாப்பு என்பது ‘வரும், வராது’ என்ற இரண்டே விடையுள்ள கணக்கு அன்று. முழங்கால் அளவு நீருக்கும் மார்பளவு நீருக்கும் இடையே உயிர் இருக்கிறது. ஆறு மணி நேரம் தாமதித்து உடையும் கரை ஊரை மேட்டுக்கு அனுப்பிவிட்டு உடைகிறது. மூன்று நாளில் வடியும் நீருக்கும் பதினைந்து நாளில் வடியும் நீருக்கும் இடையே ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பிழைப்பு இருக்கிறது. மேலும் 2015-லும் 2021-லும் பெய்தது 95 செ.மீ. அன்று. அதில் மிகக் குறைந்த மழைக்கே நகரம் மூழ்கியது என்பதை மறந்துவிட்டு, பெரிய மழையைக் காட்டிச் சிறிய மழைக்கும் மன்னிப்புப் பெறுவது முறையன்று.

எவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு அணியமாக இருப்பது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதைக் கணக்கிட வழி உண்டா? உண்டு. 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் இரவில் வடகடல் பொங்கி நெதர்லாந்து நாட்டின் கரைகளை உடைத்தது. 1,836 பேர் மாண்டனர். மூன்று வாரத்துக்குள் அந்நாட்டு அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவுக்காக வான் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கரையை எவ்வளவு உயர்த்தலாம்? உயரம் கூடக் கூடச் செலவு கூடும். ஆனால் உடையும் வாய்ப்புக் குறையும். கடைசியாகச் செலவிடும் ஒரு நாணயம் எந்த இடத்தில் ஒரு நாணயத்துக்குக் குறைவான சேதத்தையே தடுக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்து என்பது அவர் விடையின் சாரம்.

இக்கணக்கை விளக்குவதற்காகக் கற்பனையாகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு குளம் உடைந்தால் 100 கோடி ரூபாய் சேதம். அது உடையும் வாய்ப்பு ஆண்டுக்குப் பத்தில் ஒன்று. அப்படியானால் அந்த ஊர் ஆண்டுதோறும், மழை பெய்யாத ஆண்டிலும்கூட, கண்ணுக்குத் தெரியாமல் 10 கோடி ரூபாய் இழந்துகொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். 20 கோடி செலவிட்டுக் கரையையும் மதகையும் வடிகாலையும் செப்பனிட்டால் வாய்ப்பு ஐம்பதில் ஒன்றாகக் குறையும் என்று கொள்வோம். இழப்பு ஆண்டுக்கு 2 கோடியாகிவிடும். ஆண்டுக்கு 8 கோடி மிச்சம். இரண்டரை ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிட்டது. எந்த வணிகர் இப்படிப்பட்ட வாணிகத்தை வேண்டாம் என்பார்?

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்க வேண்டும். ஒரு முறை வந்துவிட்டால் இன்னும் நூறாண்டுக்கு வராது என்பது அதன் பொருள் அன்று. ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். முப்பது ஆண்டு ஒரு வீட்டில் வாழ்பவர் அதை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. வெப்பமடைந்த காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பதால், பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு போட்ட நூறாண்டுக் கணக்கு இனிப் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பணம் ஏன் அவ்வழி செல்வதில்லை? அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. செலவுகளை வருவாய்ச் செலவு என்றும் மூலதனச் செலவு என்றும் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். புதிதாக ஒரு பாலம் கட்டினால் அது மூலதனம். நாட்டின் சொத்து பெருகியதாகக் கணக்கு. இருக்கிற பாலத்தைப் பழுது பார்த்தால் அது பொதுவாக வருவாய்ச் செலவு. சம்பளம், பயணப்படி ஆகியவற்றோடு அதே பெட்டியில் விழும். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டில் மத்தியிலும் தமிழ்நாட்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் பற்றாக்குறையைக் குறைக்க முற்படும் அதிகாரியின் கை எதன்மேல் முதலில் படும்? சம்பளத்தை வெட்ட முடியாது. வட்டியை நிறுத்த முடியாது. ஓய்வூதியத்தைத் தொட முடியாது. பராமரிப்புதான் வாய்திறவாதது. தூர்வாராத குளம் மறியல் செய்வதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் படிந்திருந்த மணலையும் வண்டலையும் அகற்றும் பணி, 2015-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணை பெற்ற பிறகே தொடங்கிற்று. ஒரு வாய்க்காலைச் சுத்தம் செய்ய வழக்காட வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மற்றொரு காரணம், துயருக்குப் பின் கொடுக்கும் பணத்துக்கும் துயருக்கு முன் கொடுக்கும் பணத்துக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே பேரிடர்த் தணிப்பு நிதி என்ற பெயர் எழுதப்பட்டிருந்தது. ஆயினும், மாநிலங்களின் தணிப்பு நிதிக்கு இவ்வளவு என்று பகுத்துக் கொடுத்தது 2021 முதல் 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக்குழுதான். மாநிலங்களுக்கென அது வகுத்த ஏறத்தாழ 1,60,153 கோடி ரூபாயில் நூற்றுக்கு 80 பங்கு மீட்பு, நிவாரணம், சீரமைப்புக்கு; 20 பங்கு தணிப்புக்கு. முன்பு ஒன்றும் இல்லாதிருந்த இடத்தில் 20 பங்கு வந்தது வரவேற்கத்தக்கதே. எனினும் நோய்க்கு எண்பதும் உடல்நலத்துக்கு இருபதும் என்ற பங்கீடு நம் மனப்போக்கை நன்றாகக் காட்டுகிறது.

நிவாரணப் பணமும் எளிதில் வருவதில்லை. 2023 டிசம்பரில் சென்னைப் பகுதியைத் தாக்கிய மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாகச் சேர்த்து மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 37,907 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 276 கோடி. கேட்டது மிகையா, கொடுத்தது குறையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தாலே, வெள்ளம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் மாநிலம் எதை நம்பி இருக்கிறது என்பது விளங்கும்.

இதற்கிடையே, வெள்ளம் வந்து பத்தே வாரம் கழித்து, 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் தூத்துக்குடியில் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. மதிப்பீடு ஏறத்தாழ 7,056 கோடி ரூபாய். அதே நாளில், காயல்பட்டினத்துக்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கவும் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு ஏறத்தாழ 986 கோடி. இவை வேண்டாதவை என்று சொல்பவர் கூட்டத்தில் நான் இல்லை. 1955-ஆம் ஆண்டில் சர் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு, சேதுக் கால்வாயோடு இத்துறைமுகத்தின் வளர்ச்சியையும் சேர்த்தே பரிந்துரைத்தது. கால்வாய் இன்றுவரை நிறைவேறவில்லை. துறைமுகம் நிறைவேறி இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. என் வாதம் வேறு. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டகம் கடலிலேயே தங்கிவிடுவதில்லை. அது லாரியில் ஏறி அந்தோணியார்புரம் வழியாகத்தான் போகவேண்டும். அந்தச் சாலையை ஒரு குளத்தின் உடைப்பு அறுத்துவிடுமானால், அக்குளத்தின் கரையும் துறைமுகத்தின் ஓர் உறுப்பே ஆகும். 7,056 கோடியில் நூற்றில் ஒரு பங்கு 70 கோடி ரூபாய்க்கு மேல். பெருந்திட்டம் ஒன்றுக்கு மதிப்பீடு போடும்போதே, அதன் கொல்லைப்புறக் காப்புக்கென நூற்றில் ஒரு பங்கை மூலதனமாக எழுதிவிட்டால், பராமரிப்பு என்ற பெயரால் அது பிறகு வெட்டுப்படாது. இதைச் சட்டமாக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

செலவிடப்பட்ட பணமெல்லாம் வெள்ளத்தைத் தடுக்கும் என்று எண்ணுவதும் பிழை. தாமிரபரணியையும் கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைக்கும் வெள்ளநீர்க் கால்வாய் 2009-ஆம் ஆண்டு 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது. நில எடுப்பிலும் நிதியிலும் தடைப்பட்டுத் தடைப்பட்டு, ஆயிரங் கோடிக்கு மேல் செலவாகி, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பெற்றது. கன்னடியன் கால்வாயிலிருந்து எம். எல். தேரி வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரத்தின் வறண்ட நிலங்களுக்கு அது பெரும் பேறு. ஆனால் அதன் கொள்திறன் விநாடிக்கு 3,200 கன அடி. ஓர் இலட்சம் கன அடி ஓடும் ஆற்றில் முப்பதில் ஒரு பங்கையே அது எடுத்துக்கொள்ளும். வறட்சிக்குச் செய்த வேலையை வெள்ளத்துக்குச் செய்ததாகக் கணக்கில் எழுதிக்கொண்டால் கணக்கு நேராகும். வெள்ளம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

கடற்பக்கம் நிகழ்ந்த ஒரு முயற்சியையும் சொல்லவேண்டும். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனதால் அலையை உடைக்கும் இயற்கை அரண் போய்விட்டது. 2015-க்குப் பின் செயற்கைப் பவளத்திட்டுகளை ஆயிரக்கணக்கில் கடலடியில் வைத்து அத்தீவைத் தேற்றினார்கள். 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோன இக்கடலில், முத்து எடுக்கத் தெரிந்த மக்கள் கல் வைக்கவும் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். வெட்டும்போது கிடைத்த சுண்ணாம்பின் விலை என்ன, மீண்டும் வைப்பதற்கான விலை என்ன என்று ஒப்பிட்டால் பொருளாதாரம் பயிலும் மாணவர்க்கு நல்ல பாடம் கிடைக்கும்.

இனி, குளத்தின் கரையைக் காப்பவர் யார் என்ற கேள்வி. முற்காலத்தில் அந்தந்தக் குளத்தின் பாசனக்காரர்களே ஆண்டுதோறும் கூடி மண் எடுத்துக் கரை கட்டினர். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். 1858-ஆம் ஆண்டில் மதராஸ் அரசாங்கம் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கிற்று. வழக்கமாக இருந்தவரை உயிரோடிருந்தது சட்டமானபின் மெலிந்தது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் நூறு கோடி ரூபாய் ஒதுக்கி மீண்டும் தொடங்கிற்று. பெயர் பழையது; பணம் அரசாங்கத்துடையது; குடிகளின் பங்கு ஊருக்கு ஊர் வேறுபட்டது. நெதர்லாந்திலோ நீர்க்கழகங்கள் 13-ஆம் நூற்றாண்டு முதல் இருந்து வருகின்றன. அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. கரை காக்கத் தண்டிய வரியை வேறு எதற்கும் திருப்ப முடியாது. பள்ளிக்கூடமா கரையா என்று அங்கே எவரும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருவதில்லை.

நம் கொல்லைப்புறத்திலோ ஒரே தண்ணீர் பல கைகளைத் தாண்டிப் போகிறது. கோரம்பள்ளம் குளம் நீர்வளத் துறையுடையது. அதன் கீழே செல்லும் சாலை நெடுஞ்சாலை ஆணையத்துக்கு உரியது, இருப்புப்பாதை இரயில்வேயுடையது. பக்கிள் ஓடை மாநகராட்சியின் பொறுப்பு. உப்பாற்று ஓடையின் இருமருங்கிலும் உப்பளங்கள். சாலைக்காரர் தம் பாலத்தின் கண்களைச் சாலைக்கு வேண்டிய அளவில் வைக்கிறார். இரயில்வேயும் தன் கணக்குக்கு வைக்கிறது. நீருக்கு வேண்டிய அளவு எவ்வளவு என்பதை இவர்கள் எல்லாரையும் ஒருசேர உட்காரவைத்துக் கேட்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர் ஒருவரிடமே இருக்கிறது. அவரும் ஈராண்டில் மாற்றலாகிவிடுவார். அகலமான ஓடையின் குறுக்கே குறுகலான பாலம் ஒன்று இருந்தால் ஓடையின் அகலம் அந்தப் பாலத்தின் அகலமே. கோரம்பள்ளத்திலிருந்து கடல் வரை உப்பாற்று ஓடையைக் கடக்கும் பாலங்களை ஒவ்வொன்றாக அளந்து, எதன் கண் மிகச் சிறியது என்று கண்டுபிடிக்க ஒரு நாடாவும் இரண்டு விடுமுறை நாள்களும் போதும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன் அதைச் செய்து, அளவுகளை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கலாம்.